சாப்பிடுகிற கையைத்தான் கேட்டார்கள்

அன்று டயாலிசிஸ் அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டிலில் பட்டுப்புடவை புரோக்கர். வயது அறுபத்தெட்டு. அரை மணிக்கு ஒரு பொய் சொல்லாவிட்டால் அவருக்கு பி.பி. இறங்கிவிடும். இரண்டாவது கட்டிலில் திருப்புட்குழி அக்கா. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். மூன்றாவது கட்டிலில் நான். என் பக்கத்தில் ஸ்டூலில் என் மனைவி. மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர். சுவரில் பிள்ளையார் படம். அவரை எண்ணவில்லை. அவர் எதற்கும் வாய் திறந்ததில்லை.

எனக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம். செவ்வாய், வியாழன், சனி நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். ரத்தம் வெளியே போகும், கழுவிக்கொண்டு திரும்பி வரும். இந்த ஊரில் சிவன் இருக்கிறார், பெருமாள் இருக்கிறார், அம்மன் இருக்கிறாள். தெருவுக்கு ஒருவர். கிட்னி டாக்டர் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார்.

ரத்தம் எடுக்க இடது கையில் ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். கையில் இரண்டு ரத்தக்குழாயை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைப்பது. தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைப்பதுபோல. பிறகு அது வீங்கிக் கயிறு மாதிரி எழும்பும். தொட்டால் விர்ரென்று ஓடும். புரோக்கர் ஒரு நாள் அதில் காதை வைத்துக் கேட்டார்.

"கைல பஸ் ஓடுது பா. ஐயம்பேட்ட போவுமா?" என்றார்.

அன்று சிஸ்டர் ஊசி போட வந்து என் விரலைத் தொட்டார்.

"இன்னா ஐயா, ஐஸ் மாதிரி இருக்குது?"

"ஏசி," என்றேன்.

"ஏசி ரிப்பேராயி ஒரு மாசம் ஆவுது."

என் மனைவி போட்டுக்கொடுத்தாள். "ரெண்டு மாசமா அப்படித்தான் மா இருக்குது. பிரஷ்ஷ கீழ போட்டுக்கினே இருக்காரு. கேட்டா வழுக்குதுன்றாரு."

"பிரஷ்ஷா? படம் போடறது எந்தக் கைல?"

"இந்தக் கைல," என்றேன்.

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். என் ஃபைலை எடுத்துப் புரட்டினார்.

"வலது கைக்காரர்னு எழுதியிருக்குது. அதனாலதான் லெப்ட்ல வெச்சிருக்காங்க. யார் சொன்னது?"

"நான்தான்."

"ஏன் அப்படி சொன்னீங்க?"

"சாப்பிடற கை எதுன்னு கேட்டாங்க. வலதுன்னேன். வேற எதுவும் கேக்கல."

அக்காதான் முதலில் சிரித்தார். அவர் சிரிப்பு பெரியது. கை ஆடியது, குழாய் மடங்கியது, மெஷின் கத்தியது. சிஸ்டர் ஓடிப்போய் நிறுத்தினார். மெஷின் நின்ற பிறகும் அக்கா நிற்கவில்லை.

"தம்பி, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா உனக்கு? ஒரு வார்த்த சேத்து சொல்லியிருந்தா கை மிச்சமாயிருக்கும்."

அது சரிதான்.

நான் முகம் வரைகிறவன். ஆட்டுத்தோலில் வரைகிறேன். பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. சின்ன வயதிலிருந்து தறி. ஒரு முறை கல்யாணப் புடவை கொடுக்க ராணிப்பேட்டை போனேன். தோல் பதனிடுகிற இடம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். தரையில் ஒரு துண்டுத் தோல் கிடந்தது. எதிரே வாட்ச்மேன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பையில் பேனா இருந்தது. வரைந்தேன். எழுந்து பார்த்த வாட்ச்மேன், "என் பல்லு இவ்வளோ மோசமாவா இருக்குது?" என்றார். ஆமாம் என்றேன். அப்படித்தான் தொழில் ஆரம்பித்தது.

மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலுக்கு நம் ஊர் ஆட்களின் நிறம். பாதி வேலையை ஆடே முடித்துவிடும். மீதிக்கு மெல்லிசாகக் கலர் ஏற்ற வேண்டும். வெளிச்சம் விழுகிற இடத்தில் கொஞ்சம், நிழல் விழுகிற இடத்தில் கொஞ்சம். நடுவில் தோலை அப்படியே விட்டுவிட வேண்டும். ஆடு உயிரோடு இருந்தபோது முள் கிழித்திருக்கும், உண்ணி கடித்திருக்கும். அந்தத் தழும்பெல்லாம் தோலில் இருக்கும். யாருக்கு எங்கே தழும்போ, அதே இடத்தில் தழும்பு இருக்கிற தோலாகப் பார்த்து எடுப்பேன். அதற்கு நாள் ஆகும். வந்து உட்காருகிறவர்களுக்கு இதைச் சொல்வதில்லை. ஆட்டோடு ஜோடி சேர்த்தால் கோபித்துக்கொள்கிறார்கள்.

இருக்கிறதைத்தான் போடுவேன். ஒரு ஓட்டல்காரர் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தாடை ரெண்டு இருக்குதே?"

"இருக்குது."

"ஒண்ண எடுத்துடு பா."

"நீங்க எடுத்துட்டு வாங்க. நானும் எடுத்துடறேன்."

அப்புறம் பல வருஷம் அவர் வரவில்லை.

இடது கைக்குக் காரணம் என் மனைவி. நடு அறையில் எங்கள் தறி. பட்டு இருக்கிற இடத்தில் தோல் வரக்கூடாது என்றாள். புழுவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த நூல் சுத்தம், ஆட்டுத்தோல் தீட்டு. கேட்டுப் பார்த்தேன்.

"புழு செத்து நூல் குடுத்துது. உன் ஆடு இன்னா குடுத்துது?" என்றாள்.

"தோலு."

அன்று எனக்கு நாஷ்டா கிடையாது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். தோல் பின்னால் கக்கூஸ் பக்கத்து ஷெட்டில் இருக்கும். வலது கை தறிக்கு, சோற்றுக்கு, விபூதிக்கு. இடது கை தோலுக்கு. வலது கை தோலைத் தொட்டால் அந்தக் கை அன்று பட்டைத் தொடக்கூடாது. எனக்கு இதில் கஷ்டம் தெரியவில்லை. எங்கள் தறியில் இழை ஓட்டுகிற நாடாவைக் கையால்தான் எறிவோம். வலது எறியும், இடது பிடிக்கும். அடுத்த இழைக்கு இடது எறியும். இரண்டு கையும் ஒன்றுதான். அப்படியே இடது கையில் இருபத்திரண்டு வருஷம் வரைந்தேன். வலது கை பிரஷ்ஷைத் தொட்டதில்லை. ஆகவே சாப்பிடுகிற கை எது என்று கேட்டதும் வலது என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். விரல்களை அமுக்கினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்ச்சி இருந்தது. மற்ற மூன்றும் யாரோ ஒருவருடைய விரல் மாதிரி இருந்தன.

"விரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தை ஃபிஸ்டுலா நடுவுலயே எடுத்துக்குது. இதுக்குப் பேரே திருட்டுதான்," என்றார்.

"கேஸ் போடலாமா டாக்டர்?" என்றார் புரோக்கர், அங்கிருந்தே.

டாக்டர் அவரைக் கவனிக்கவில்லை. என்னிடம் இரண்டு வழி சொன்னார். ஒன்று, இதை இப்படியே விடுவது. ரத்தம் நன்றாக வருகிறது, டயாலிசிஸ் நடக்கும். விரல் இன்னும் போகும். மற்றது, இதைக் கட்டி மூடிவிட்டு வலது கையில் புதிதாக வைப்பது. அது தயாராக இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கழுத்தில் டியூப்.

கழுத்து டியூப் என்னவென்று எனக்குத் தெரியும். முதலில் அதில்தான் ஆரம்பித்தேன். அதன் வழியாகக் கிருமி நேரே ரத்தத்தில் போகும். ஒன்பது நாள் குளிர்ஜுரம். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் அதிலேயே போய்விட்டார்.

"மூடினா விரல் திரும்ப வருமா?" என்றேன்.

"வரலாம். எல்லாம் வரும்னு சொல்ல முடியாது. லேட் பண்ணப் பண்ண வராது."

"வேணாம் டாக்டர்," என்றாள் என் மனைவி. "அந்த டியூப்பு வேணவே வேணாம். இன்னொரு கை இருக்குது இல்ல? அதுல படம் போடட்டும்."

நான் அவளைப் பார்த்தேன். "தறி?"

"கோர்வைக்கு பக்கத்து வீட்டுப் பொண்ண கூப்டுக்கறேன்." புடவை உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து சேர்க்கிற வேலை அது. இரண்டு பேர் வேண்டும். இத்தனை வருஷம் அந்த இரண்டாவது ஆள் நான்.

"தோலு?"

"தொட்டுக்கோ. உயிரோட இருந்து தொடு."

இருபத்திரண்டு வருஷச் சட்டத்தை ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எடுத்துவிட்டாள். இது இப்படியே இருக்கட்டும் என்று டாக்டரிடம் தலையாட்டினேன்.

அப்போது புரோக்கர் படம் பாதியில் இருந்தது. அவராகக் கேட்டதுதான். அவருடைய வீட்டில், அவர் போனபிறகு மாட்ட ஒரு போட்டோவைப் பெரிதாக்கி இப்போதே கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். மீசை வைத்துக்கொண்டிருந்த காலத்துப் போட்டோ.

"அது நானே இல்ல பா," என்றார். "அவனுக்கு மாலை போட்டு, அவனுக்கு வடை படைச்சி, நான் எங்க நிக்கறது? இப்ப இருக்கற மூஞ்சப் போடு. இந்தக் கருப்பு, இந்த வீக்கம், எல்லாத்தையும் போடு."

அவர் கன்னத்தில் சின்ன வயதில் அம்மை போட்ட குழிகள். உண்ணி கடித்த ஒரு தோல் மூன்று வாரம் தேடிக் கிடைத்தது. குழி எல்லாம் இடம் பிசகாமல் உட்கார்ந்தன. கண்ணும் மூக்கும் முடித்திருந்தேன். வாயில் நின்றுபோயிற்று. அவர் வாய் லேசானது அல்ல. மூடியிருக்கும்போதே பேரம் பேசுகிற வாய். அந்தத் தோலை எடுத்து வைத்துவிட்டேன். வேறு தோலில் வலது கையால் முதலிலிருந்து போட்டேன்.

வலது கைக்குச் சோறு பிசையத் தெரியும். கலரை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. மெல்லிசாக வைத்தால் கோடு நடுங்கியது. நடுக்கத்தை மறைக்க மேலே இன்னொரு பூச்சு. அது அதிகமாகத் தெரிய, துணியால் தேய்த்தேன். தேய்த்ததில் குழி மூடியது, சுருக்கம் போயிற்று, கண்ணுக்குக் கீழ் வீக்கம் போயிற்று. பன்னிரண்டு நாளில் வழவழவென்று ஒரு ஆள் வந்து நின்றார். கழுத்தில் மாலை போட்டால் காலண்டர் முருகன்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு தம்பி மாப்ள? பொண்ணு பாத்துட்டாங்களா?"

புரோக்கர் ரொம்ப நேரம் பார்த்தார். "நான் புடவைக்கு சொல்ற பொய்ய விட உன் கை பெரிய பொய்யா சொல்லுது பா," என்றார். "எட்த்துக்கினு போ."

அவரைக் கூட்டிப்போக வந்திருந்த அவர் மனைவி விடவில்லை. தோல் என்றால் வாசலிலேயே நிறுத்துகிற அம்மாள். படத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சாமி அறைக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டார். வருகிறவர்களை எல்லாம் அழைத்துக் காட்டினார். ஊரில் பேச்சு பரவிற்று. உடம்புக்கு வந்த பிறகுதான் இவர் கை நன்றாகப் பேசுகிறதாம். செவிலிமேட்டிலிருந்து தம்பதியாக வந்தார்கள். ஒரு நகைக்கடைக்காரர் வந்தார். ஓட்டல்காரர்கூட ஆள் அனுப்பிவிட்டார். இரண்டு தாடையையும் ஒன்றாக்கித் தருகிறேனாமே என்று கேட்டு.

தந்தேன். எல்லோருக்கும் போட்டேன். எல்லோரும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்கள். எல்லோரும் சந்தோஷமாகப் போனார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் படத்தைப் பார்த்து ஒருவர்கூட அப்படிச் சிரித்ததில்லை. எனக்குப் பசி நின்றுபோயிற்று. ரத்தத்தில் யூரியா ஏறினால் அப்படித்தான் என்றார் டாக்டர்.

வேலை இல்லாத நேரம் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பெண் கோர்வை விடுவதைப் பார்ப்பேன். "ஒரு இழ விட்டுட்ட," என்பேன். அவள் பாட்டுக்கு எழுந்து போய்விடுவாள். இரண்டு முறை ஆயிற்று. மூன்றாவது முறை என் மனைவி நாடாவைக் கீழே வைத்தாள்.

"ஒரே பேஜாரா இருக்குது யா உன்னோட. இன்னா வேணும் உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு சொல்லிச் சொல்லித்தான் கைய விட்ட. வாயத் தொறந்து சொல்லு."

எழுந்து ஷெட்டுக்குப் போனேன். புரோக்கரின் பாதிப் படம் இருந்த தோலை எடுத்து வந்தேன். தறி இருக்கிற அறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டேன். அப்போது அது தோன்றவில்லை. அவளும் தடுக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். வாய் இல்லாத முகம். ஒரு பக்கக் கண் வீங்கி, மற்றது உன்னை நம்பமாட்டேன் என்று பார்க்கிறது.

"அந்தாளேதான்," என்றாள். "வாய மட்டும் போடலன்னு நிம்மதியா இருக்குது."

"வாய் போடணும்," என்றேன். "இந்தக் கைல."

அவள் தறிக்குப் போய் உட்கார்ந்தாள். நாலைந்து இழை ஓட்டினாள்.

"டியூப்புல ஜுரம் வந்தா?"

"வரலாம்."

"வலது கையும் இதே மாதிரி ஆயிட்டா?"

"ஆவலாம்."

"அப்போ சோறு?"

"நீ ஊட்டு."

"மூஞ்சப் பாரு, ஊட்டறதுக்கு," என்றாள். இன்னும் நாலைந்து இழை போயிற்று. "இங்க உக்காந்துக்கினு என் இழைய எண்ணிக்கினு இருக்கறதுக்கு ஆஸ்பத்திரிக்கே போய்த் தொல. சனிக்கிழமை டாக்டர்கிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா பாதிதான் சொல்லுவ."

அவளே சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்து, "ஒரு படத்துக்காகவா?" என்றார்.

"ஆமா."

"உயிருக்கு ரிஸ்க் இருக்குன்னு புரியுதா?"

"புரியுது."

"கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். சிஸ்டர் ஃபைலோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த தடவ எல்லாத்தையும் எழுதிக்கறேன். சாப்பிடற கை?"

"வலது."

"படம் போடற கை?"

"இடது."

"கையெழுத்து?"

"வலது."

"தறி?"

"ரெண்டும்."

"மூக்கு நோண்டற கை எதுன்னும் கேட்டு எழுது கண்ணு," என்றார் அக்கா. "அப்புறம் அதுக்கு ஒருதரம் அறுக்கப் போறாங்க."

அடுத்த வாரம் கழுத்தில் டியூப் வைத்தார்கள். இடது கையில் கட்டி மூடினார்கள். வலது கையில் புதிதாகத் தைத்தார்கள். இரண்டு கையிலும் கட்டு. மனைவிதான் ஊட்டினாள். ஊட்டும்போது திட்டினாள், ஆகவே எதுவும் தொண்டையில் சிக்கவில்லை. பத்தாவது நாள் குளிர் வந்தது. ஊசி போட்டார்கள். நான்கு நாளில் நின்றது. அந்த நான்கு நாளும் அவள் தறியைத் தொடவில்லை. எனக்குத் தெரியக்கூடாது என்று நினைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

டியூப் வைத்தவர்களுக்கு டயாலிசிஸ் வேறு அறையில். புரோக்கர் தினமும் போன் செய்தார். "இன்னா பா, இருக்கறியா?" என்பார். "இருக்கறேன்," என்பேன். "நானும் இருக்கறேன். ஜல்தி வா. வாய் நமநமன்னுது," என்பார். வைத்துவிடுவார்.

இடது கையில் விர்ரென்ற ஓட்டம் நின்றுவிட்டது. காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. கை சூடாக ஆரம்பித்தது. சூடு வந்தால் போதாது. பிரஷ் நுனி எங்கே இருக்கிறது என்று விரல் சொல்ல வேண்டும். நடுவிரல் இல்லாமல் பிரஷ் நிற்காது. முதல் வாரத்தில் விரல்கள் குத்தின. பிறகு எறும்பு ஓடுகிற மாதிரி இருந்தது. பிறகு என்ன என்று எனக்கே புரியவில்லை. நான் பார்த்துக்கொண்டே தொட்டால் எல்லா விரலும் தெரிகிற மாதிரிதான் இருந்தது. கண்ணை நம்பக்கூடாது.

டாக்டர் இனி வியாழக்கிழமைதான் வருவார். என் மனைவி காத்திருக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தறியிலிருந்து ஒரு முழம் ஜரிகை அறுத்துக்கொண்டு வந்தாள். ஷெட்டில் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கட்டை அவிழ்த்து என் இடது கையைத் தன் முட்டிமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். அதுவரை அவள் அந்தக் கையை அப்படிப் பிடித்ததில்லை.

"கண்ண மூடு."

மூடினேன்.

"திருட்டுத்தனமா பாக்காத."

"பாக்கல."

"ஜரிக நுனியால தொடுவேன். தெரிஞ்சா எந்த விரல்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எனக்காக சொல்லாத."

"ம்."

"கேக்காததையும் சொல்லணும்."

"சரி."

முதலில் தொட்டது கட்டை விரல். சொன்னேன். பிறகு ஆள்காட்டி. சொன்னேன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அவள் மூச்சு கேட்டது. தறி நின்றிருந்ததால் வீடு வேறு யாருடைய வீடோ மாதிரி இருந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

"தொட்டியா?" என்றேன்.

"இன்னும் தொடல. அவசரப்படாத."

பிறகு தொட்டாள். வரிசையாகத் தொடவில்லை, மாற்றி மாற்றித் தொட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியவில்லை என்றேன். மூன்று சுற்று வந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பதில் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. ஜரிகையைச் சுருட்டினாள்.

"எத்தினி?" என்றேன்.

"நீயே சொல்லு. உன் கைதான."

"நாலு. சுண்டு விரல் மட்டும் தெரியல."